செட்டித் தெருக் கிட்டங்கி: பழைய கடிதமொன்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் கண்ட நிகழ்வு

பின்னணி

சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர், இராமநாதபுரச் சீமையிலுள்ள தங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டியபோது, பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் தாத்தா இங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றைக் கண்டெடுத்தனர். வட்டாரச் சமூக மன்றத்தில் தமிழ்மொழி விழாவையொட்டி நடக்கவிருந்த குடும்ப வரலாற்றுக் கண்காட்சிக்கு அதைக் கொடுக்க அவருடைய பேத்தி முன்வந்தார். பழைய கையெழுத்துகளைப் படித்துத் தரும் தன்னார்வலர் சிலருள் நானும் ஒருவன் என்பதால் கடிதம் எங்கள் மேசைக்கு வந்தது.

தாத்தா இங்கே என்ன வேலை பார்த்தார் என்பது அக்குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர் மறைந்தபோது மகன் கைக்குழந்தை. பாட்டியோ அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஆகவே கடிதத்தில் ‘கிட்டங்கியில் படுத்துக்கொள்கிறேன்’ என்றிருந்த ஒரு தொடரை வைத்துக்கொண்டு, கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு என்று கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே படுத்துறங்கிய கூலித் தொழிலாளி அவர் என்று குடும்பத்தினர் முடிவு செய்திருந்தார்கள். கண்காட்சிப் பலகைக்கான வாசகமும் அவ்வாறே எழுதி முடிக்கப்பட்டு, அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. கூலி வேலை இழிவானதென்று அக்குடும்பத்தில் எவரும் கருதவில்லை. அவர் உழைத்துப் பிழைத்தவர் என்பதில் அவர்களுக்குப் பெருமைதான். ஆயினும், பெயரைத் தவிர வேறொன்றும் எஞ்சாத ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரு சொல்லின் மேல் ஏற்றிச் சொல்வதானால், அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் எதுவென்று உறுதிப்படுத்திக்கொள்வது அவருக்குச் செய்யவேண்டிய கடமை என்று எங்களுக்குப் பட்டது.

கடிதத்தில் கண்டவை

கடிதத்தின் தலைப்பில் ஈஸ்வர வருஷம் தை மாதம் என்றிருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவன. எனவே அது 1878 தொடக்கமாகவும் இருக்கலாம், 1938 தொடக்கமாகவும் இருக்கலாம். உறையில் ஒட்டியிருந்த நீரிணைக் குடியேற்ற அஞ்சல்தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்ததால் 1938 என்பதில் ஐயம் எழவில்லை.

கையெழுத்து பழைய வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லாமல் எழுதப்பட்டது. புள்ளியில்லாத எழுத்தைப் படித்துப் பழகாதவர்கள் இடறும் இடம் இது. நாங்கள் ஆராய்ந்த சொல் முதலில் வரும் இடத்தில் ‘கிடடஙகி’ என்று ஒரே வரியில் தெளிவாக இருந்தது. இரண்டாவது இடத்தில் குடும்பத்தினர் அதைக் ‘கிடங்கி’ என்று படித்து, கிடங்கு என்பதன் எழுத்துப் பிழையாகக் கொண்டிருந்தனர். உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தபோது, அங்கே வரி முடிவில் ‘கிட’ என்று நின்று, அடுத்த வரி ‘டஙகி’ என்று தொடங்குவது தெரிந்தது. தாள் மடித்த தடம் அந்த இரண்டாம் டகரத்தின் மேலேயே சென்று மையைத் தேய்த்திருந்தது. எழுதியவர் பிழை செய்யவில்லை. இரண்டு இடத்திலும் கிட்டங்கி என்றே எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டு இடங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதே இந்த நிகழ்வின் முடிச்சு. முதலிடத்தில் ‘செட்டித் தெருக் கிட்டங்கியில்’ படுத்துக்கொள்வதாகவும், ‘ஐந்து பெட்டிக்கும் ஆக்கிப்போடுவதாகவும்’ சொல்கிறார். இரண்டாமிடத்தில் ‘ஆற்றங்கரைக் கிட்டங்கியில்’ அரிசி எடுத்து வந்ததைச் சொல்கிறார். ஐந்து பெட்டி என்பது குடும்பத்தினருக்கு விளங்கவில்லை. சரக்குப் பெட்டிகளை அடுக்குவதைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எண்ணி அதையும் கூலி வேலையோடு சேர்த்திருந்தார்கள்.

செட்டித் தெரு என்பது இங்குள்ள பழைய தமிழர் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு வழங்கிய பெயர். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1820களிலிருந்து இத்தீவுக்கு வரத் தொடங்கி, அந்தத் தெருவை வட்டித் தொழிலின் மையமாக்கியவர்கள். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்களும் அவர்களே. கடிதம் எழுதியவர் நகரத்தார் அல்லர். அவ்வாறிருக்க அவர் அங்கே எந்த உரிமையில் படுத்தார் என்ற கேள்வி அகராதியைப் புரட்டுவதால் மட்டும் தீராது என்பது அப்போதே தெரிந்தது.

கேட்டறிந்தவை

அந்தச் சொல்லைத் தம் வாயால் புழங்கியவர்களிடம் கேட்பதென்று முடிவாயிற்று. மூவர் கிடைத்தனர்.

முதலாமவர் ஒரு நகரத்தார் பெரியவர். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், மீசை அரும்பாத வயதில், பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, இங்கு வந்தவர். கிட்டங்கி என்றதும் அவர் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீண்ட கூடம், இரு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதச் சாய்வு மேசை, பின்னால் சுவரோரம் இரும்புப் பெட்டி என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். ஒரு பெட்டி என்பது ஒரு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வழங்கும் ஒரு தொழிலகம். ஒரே கூரையின் கீழ்ப் பல விலாசங்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு தொழில் நடத்தும். மூன்றாண்டுக் கணக்குக்கு, அதாவது மூன்றாண்டுத் தவணை வேலைக்கு, வந்த ஏஜெண்டும், அவருக்கு அடுத்தாளும், பையனும் இரவில் அங்கேயே பாயை விரித்துப் படுப்பார்கள். விடிந்ததும் பாயைச் சுருட்டிவிட்டால் படுக்கையிடம் கடையாகிவிடும். எல்லாருக்கும் சேர்த்துப் பொதுச் சமையல். சமையலாளுக்குச் சம்பளம் பெட்டிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கப்படும்.

கடிதத்தின் அந்த வரியைப் பேத்தி அவருக்குப் படித்துக் காட்டியபோது அவர் சற்றும் தயங்கவில்லை. “ஆத்தா, இதிலே புரியாததுக்கு என்ன இருக்கு? அஞ்சு பெட்டிக்கு ஆக்கிப்போட்டார்னா அஞ்சு கடைக்காரவுகளுக்குச் சமைச்சார்னு அர்த்தம். உங்க ஐயா அடுப்படி ஆளு. அவுக கிட்டங்கியிலே படுக்காம வேற எங்க போய்ப் படுப்பாக?” என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களைத்தான் சமையலுக்கு நம்பி அழைத்து வருவோம் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

இரண்டாமவர் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தது. அவருக்குக் கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் இடம் மட்டுமே. தந்தை வேலையிடத்தில் குடோன் என்பார், வீட்டில் கிட்டங்கி என்பார், இரண்டும் ஒன்றே என்றார். தென் மாவட்டங்களில் உப்புக்கும் நெல்லுக்கும் உரிய சேமிப்பிடத்தை இன்றும் கிட்டங்கி என்றே சொல்வது அந்தப் பக்கத்தார் அனைவரும் அறிந்த செய்தி. வட்டிக்கடைக்கு அந்தப் பெயர் உண்டென்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

மூன்றாமவர் யாழ்ப்பாண வழி வந்த மூதாட்டி. கிட்டங்கி என்ற வடிவம் அவருக்குப் பழக்கமில்லை. கிடங்கு என்பது நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு அது நிலத்தில் தோண்டிய குழி. “ரோட்டில கிடங்கு கிடக்கு, பார்த்துப் போ பிள்ளை எண்டு அம்மா சொல்லுவா” என்று அவர் சொன்னதும், அருகிலிருந்த பேத்தியின் தம்பி, குழியில் எப்படி அரிசி வைப்பார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி எங்களைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பியது.

சொல்லின் பழைய தடம்

கிடங்கு என்பதன் மிகப் பழைய ஆட்சி மூதாட்டியின் பொருளுக்கே நெருக்கமானது. மதுரைக் கோட்டையின் அகழியை ‘மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்’ என்று மதுரைக்காஞ்சி பாடுகிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊராகச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. மலையாளத்திலும் கிடங்ஙு என்றால் இன்றளவும் அகழிதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, கிடங்கு என்ற சொல்லுக்கு அகழி, பண்டசாலை ஆகிய இரு பொருளையும் தருகிறது. கிட என்னும் வினையை அடியாகக் கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று இசையும்: நீர் கிடக்கும் பள்ளமும் கிடங்கு, பண்டம் கிடக்கும் அறையும் கிடங்கு. ஆட்டுக்கிடையில் வரும் கிடையும் இதே வினையை ஒட்டியதே.

கிட்டங்கி என்ற வடிவம் இத்தனை எளிதில் பிடிபடுவதில்லை. வங்கக் கடலின் இரு கரையிலும் இந்தச் சொல்லின் உறவினர் பலர் இருக்கின்றனர். தெலுங்கில் கிட்டங்கி, இரட்டித்த ஒலி மெலிந்து ஒலிக்கும். மலாயில் குடாங். இந்தோனேசியாவில் கெடுங் என்றால் பெரிய கட்டடம். ஐரோப்பிய வணிகர் வாயில் கோடவுன் ஆகி, பின்பு அதுவே குடோன் என்று தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இவற்றுள் எது தாய், எது சேய் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆங்கில-இந்திய வழக்குச் சொற்களுக்கென 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே மலாய் வடிவத்தையும் தென்னிந்திய வடிவங்களையும் அருகருகே வைத்து, பண்டம் கிடக்கும் இடம் என்ற தெலுங்கு, தமிழ் விளக்கத்தைச் சுட்டிவிட்டு நிற்கிறது.

எங்கள் குழுவில் இது பற்றிச் சூடான விவாதம் நடந்தது. சிங்கப்பூரில் பிறந்த கண்காட்சி ஆதலால் மலாயிலிருந்து வந்த சொல் என்று எழுதினால் பொருத்தமாக இருக்குமென்றார் ஒருவர். தூய தமிழ்ச் சொல் என்று எழுதாவிட்டால் தாம் விலகிக்கொள்வதாகச் சொன்னார் இன்னொருவர். என் கருத்தில் முதல் வாதம் ஒலியிலேயே தடுமாறுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் முதலெழுத்து இகரம் ஏறியது, மலாயில் உகரம் ஏறியது. குடாங் இங்கு வந்த தமிழர் வாயில் மாறியிருந்தால் குடாங்கு என்றோ குடங்கு என்றோ ஆகியிருக்குமே தவிர, கிட்டங்கி ஆவதற்குக் காரணம் புலப்படவில்லை. மேலும் மலாய் நாட்டையே பாராத நெல்லைச் சீமைக்காரரும் அதே வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் வாதத்துக்கும் ஒரு தடை உண்டு. கிடங்கு நேராகத் திரிந்திருந்தால் மெல்லிய டகரம் ஏன் வல்லொலியாக இரட்டிக்க வேண்டும், உகர ஈறு ஏன் இகரமாக வேண்டும் என்பதற்கு விடை வேண்டும். தெலுங்கு வணிகர் வழியாக வந்து சேர்ந்த வடிவம் என்றால் இரண்டும் பொருந்துகின்றன. இது வலுவான ஊகம். பலகையில் முடிந்த உண்மைபோல் எழுதத்தக்கதன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அடிச்சொல் ஆராய்ச்சியையும் கடிதத்தின் பொருளையும் தனித்தனியே பிரித்துவிடுவது. சொல் எங்கிருந்து வந்தாலும், 1938இல் செட்டித் தெருவில் இருந்து தன் மனைவிக்கு எழுதிய ஒருவர் அதை என்ன பொருளில் எழுதினார் என்பதை அவருடைய காலமும் இடமும் பக்கத்துச் சொற்களுமே தீர்மானிக்கும். அகழி என்ற பொருள் பழமையானது என்பதற்காக அவரை அகழியில் படுக்கவைக்க முடியாது. பண்டசாலை என்ற பொருள் அகராதியில் இருக்கிறது என்பதற்காக மூட்டைமேல் படுக்கவைப்பதும் அதே வகைதான்.

இரண்டாவது, ஒரே சொல்லுக்கு இரு இடத்திலும் வெவ்வேறு குறிப்பு எழுதுவது. செட்டித் தெருக் கிட்டங்கி, பல விலாசங்கள் கூடித் தொழில் நடத்தித் தங்கிய இல்லம். ஆற்றங்கரைக் கிட்டங்கி, படகுத் துறையை ஒட்டித் தொங்கான் எனும் சரக்குப் படகுகளிலிருந்து இறக்கிய அரிசி மூட்டைகளை அடுக்கிய சரக்கறை. ஒருவரே ஒரு கடிதத்துக்குள் இரு பொருளில் ஆண்டிருப்பதை மறைத்து, எங்கும் ஒரே பொருளைப் போட்டால் வாசிப்பு எளிதாகும் என்று குழுவில் சிலர் கருதினர். நான் அதை ஏற்கவில்லை. சரக்கு வைக்கும் இடத்தின் பெயர் தொழில் நடக்கும் இடத்துக்கும் ஏறி, இரண்டும் ஒரே வாயில் சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு இந்தக் கடிதமே சாட்சி. அதை அழித்துவிட்டால் எழுதியவரைவிட நாம் தெளிவாக எழுதியதாகிவிடும்.

மூன்றாவது, பலகையில் கிட்டங்கி என்ற வடிவத்தை அப்படியே விடுவது. பள்ளி மாணவருக்குப் புரியாது, கிடங்கு என்று திருத்திவிடலாம் என்ற யோசனை வந்தது. குறிப்பு இருக்கும்போது திருத்தம் தேவையில்லை என்று முடிவாயிற்று.

தாத்தாவைச் சமையல்காரர் என்று எழுதுவதா என்பதில்தான் நெடுநேரம் பிடித்தது. ஆக்கிப்போடுதல் என்ற வினையும், ஐந்து பெட்டி என்ற தொகையும், பெரியவரின் சாட்சியும் ஒரே பக்கம் சாய்ந்தன. பேத்தியின் தம்பியோ, அரிசி எடுத்து வந்தார் என்பது சுமை தூக்கியதாகவும் இருக்கலாமே என்று விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி. சமையலாளே கடைக்குத் தேவையான அரிசியை எடுத்து வருவது இயல்புதான் என்றாலும், கடிதம் அதை விரித்துச் சொல்லவில்லை. எனவே ‘செட்டித் தெருக் கிட்டங்கி ஒன்றில் ஐந்து தொழிலகங்களுக்குச் சமைத்துப்போட்டு, அங்கேயே தங்கியிருந்தார்’ என்று கடிதம் சொல்வதை மட்டும் எழுதினோம். கூலித் தொழிலாளி என்ற சொல் நீக்கப்பட்டது. சமையல்காரர் என்ற சொல்லும் சேர்க்கப்படவில்லை.

பின்னர் நடந்தவை

கண்காட்சிக்கு வந்தவர்களுள் பலர் அந்தப் பலகை முன்னால் நின்று தங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பினாங்குத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவர், அங்கேயும் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்ததை நினைவுகூர்ந்தார். மலாய் நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு குடாங் அல்லவா என்றார். அவருக்கு நாங்கள் தயாரித்து வைத்திருந்த தனித்தாளைக் கொடுத்தோம். சொல்லின் உறவுகளையும், பிறப்பைப் பற்றிய இரு கருத்துகளையும், ஒவ்வொன்றுக்கும் உள்ள தடையையும் அந்தத் தாள் எளிய நடையில் சொல்லிற்று. தூய தமிழ் என்று எழுதாததால் விலகிக்கொள்வதாகச் சொன்ன அன்பர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, மதுரைக்காஞ்சி வரியை முதலில் வைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். அது ஏற்கப்பட்டது.

கண்காட்சி முடிந்த பிறகு ஊரிலிருந்து மற்றொரு கடிதத்தின் படம் வந்தது. இதுவும் அதே கையெழுத்து. பெட்டிக்கு எத்தனை வெள்ளி வீதம் சம்பளம் சேர்கிறது, அதில் ஊருக்கு அனுப்பியது எவ்வளவு என்ற கணக்கும், மேலாள் (ஏஜெண்டு) ஒருவர் கணக்கு முடிந்து ஊர் திரும்புவதால் இனி நான்கு பெட்டிக்குத்தான் சமையல் என்ற செய்தியும் அதில் இருந்தன. பலகையில் சமையல் என்ற சொல்லைச் சேர்க்க இப்போது தடையில்லை. தம்பியும் அதை ஏற்றுக்கொண்டார். ஆற்றங்கரை அரிசி பற்றிய வரி மட்டும் பழையபடியே இருக்கிறது.

பேத்தி இதற்குப் பின் பெரியவரை அடிக்கடி சென்று பார்க்கிறார். அவருடைய பேச்சு இரண்டு அமர்வுகளாகப் பதிவு செய்யப்பட்டு, எழுத்து வடிவமும் குடும்பத்திடம் இருக்கிறது. செட்டித் தெருவின் பழைய கடைவீடுகள் நகரச் சீரமைப்பில் போய்விட்டன. 1984இல் அதே தெருவில் திறக்கப்பட்ட கோல்டன் ஷூ கார்ப்பேட்டையும் இன்றில்லை. கட்டடத்தைக் காட்டிப் பொருள் சொல்ல வழியில்லாத நிலையில், கூடத்தின் அமைப்பை அவர் சொல்லச் சொல்லப் பேத்தி வரைந்த படமே இப்போது எங்களுக்குப் பெரிய சான்று.

மாற்ற வேண்டியவை

மூவரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டது வசதியாக இருந்தது என்றாலும், நகரத்தார் பெரியவர் உறுதியாகப் பேசி முடித்ததும் மற்ற இருவரும் தங்கள் பொருளைத் தயங்கித் தயங்கியே சொன்னார்கள். மூதாட்டியின் குழி என்ற பொருள் ஏறத்தாழ விட்டுப்போக இருந்தது. இனி ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் தனித்துக் கேட்பதென்றும், முதலில் சொல்லை மட்டும் சொல்லிப் பொருள் கேட்டு, பிறகே கடித வரியைக் காட்டுவதென்றும் வைத்திருக்கிறோம். வரியை முன்கூட்டியே காட்டினால், நினைவிலிருந்து வரவேண்டிய பொருள் வரிக்கு ஏற்றபடி வளைந்து வருகிறது.

கடிதம் முழுவதையும் வரிமுறிவு உட்பட அப்படியே படியெடுத்த பிறகே சொல்லைத் தனியே எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் வரி முடிவில் பிரிந்த ஒரு டகரம் கண்ணில் படாதிருந்தால், கிட்டங்கியும் கிடங்கும் இரு வேறு சொற்களாக எழுதப்பட்டு, விளக்கமே வேறு திசைக்குப் போயிருக்கும். உறையையும் கடிதத்தோடு சேர்த்தே வாங்கவேண்டும். ஆண்டு தெரிந்தது அதனால்தான்.

பலகை வாசகம் அச்சுக்குப் போகுமுன் குடும்பத்தார் ஒருவரும், அந்தச் சொல்லைப் புழங்கிய ஒருவரும் படித்துக் கையொப்பமிடும் முறையை அடுத்த கண்காட்சியிலிருந்து கொண்டுவருகிறோம். தகரப் பெட்டியிலிருந்த மற்றக் கடிதங்களில் கிராணி, தண்டல் ஆகிய சொற்கள் வருகின்றன. பெரியவரிடமும் துறைமுகத் தொழிலாளியின் மகனிடமும் அவற்றைப் பற்றித் தனித்தனியே கேட்க நாள் குறித்திருக்கிறோம்.